சாவிக்கொத்துச் சத்தம்

மானக்கேடான விஷயம்தான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். சூரமங்கலத்தில் ஓர் அநாதை விடுதியை மூடலாமா என்று பார்க்கப் போன கமிட்டியில் நானும் ஒரு பெரிய மனிதன். வாசலில் காவலாளி சாவிக்கொத்தைக் குலுக்கியதும் என் இரண்டு கைகளும் தாமாகவே நீண்டு விரிந்தன.

வெள்ளைக்காரன் காலத்தில், ஏழு வயதில், இதே விடுதியில் பழகிய வித்தை அது. சூப்பிரண்டு சாவியைக் குலுக்கினால் கை நீட்ட வேண்டும். குற்றம் என்னவென்பதை அடித்த பிறகு சொல்வார்.

ஒருநாள் ஜேடர்பாளையத்திலிருந்து எங்கள் அத்தை இரண்டு நாள் நடந்து வந்தாள்.

"எங்கண்ணன் புள்ளைங்கள எங்கிட்டயே குடுத்துருங்க சாமி. கூழோ கஞ்சியோ நானே ஊத்திக்கறனுங்க."

"குடிசையில ஒழுக்கம் வருமா?" என்றார் சூப்பிரண்டு. அத்தையின் சேலையை விடாமல் பிடித்திருந்த என் அக்காவின் மணிக்கட்டில் சாவிக்கொத்தாலேயே அடித்தார். மூன்றாவது அடியில் எலும்பு முறிந்தது. அப்போதும் அவள் விடவில்லை, சேலைதான் கிழிந்தது. ஒழுக்கமாகக் கை நீட்டி நின்ற எனக்கு அன்று அடியே இல்லை.

இதையெல்லாம் கமிட்டியிடம் சொல்லி, கேட்டு வரும் உறவினரிடம் பிள்ளைகளை ஒப்படைத்துவிட்டு விடுதியை இழுத்து மூட வேண்டும் என்று முழங்கினேன். காவலாளி மெல்ல அருகில் வந்தார்.

"நல்லாத்தான் பேசுனீங்க சாமி. இப்பவாச்சும் கைய மடக்குங்க."