கப்பலுக்கு ஏற்ற விமானம்

கடற்படைக்கு எந்தப் போர் விமானத்தை வாங்கப் போகிறார்கள் என்ற கவலையில் ஆம்பூரில் தூக்கம் கெட்டுக் கிடந்தது நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். ஊரில் மற்ற எல்லோருக்கும் தோல் விலைதான் பேச்சு. நான் பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். என் கணவர் கடற்படை விமானி. விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து ஜெட்டைக் கிளப்பிக்கொண்டு போய், திரும்ப அதே கப்பலில் கொண்டுவந்து இறக்குவது அவர் வேலை. வருடத்தில் பெரும்பகுதி கோவாவிலும் கடலிலும் கழியும். அதனால் நான் மாமனாரோடு இருந்தேன். மாமனார் தோல் பதனிடும் டேனரி ஒன்றில் மேனேஜர்.

எழுபதுகளின் நடுவில் ஒரு மழைக்காலத்தில் என் கணவருடைய நண்பர் இறந்துபோனார். நண்பருக்கு ஊர் கலவை. இருவரும் வேலூரில் ஒன்றாகப் படித்து ஒன்றாகவே கடற்படையில் சேர்ந்தவர்கள். எங்கள் கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழராக நின்றவர், சர்ச்சில் பாட்டுப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு சத்தமாகப் பாடினார். கப்பலில் கவண் மாதிரி ஓர் இயந்திரம் இருக்கும். விமானத்தைப் பிடித்து முன்னால் வீசிவிடும். அன்று அது அவருடைய விமானத்தை வீசிய கணத்திலேயே எஞ்சின் நின்றுவிட்டது. கப்பலின் மூக்குக்கு முன்னால் கடலில் விழுந்தார். உடல் கிடைக்கவில்லை.

லீவில் வந்ததும் கணவர் என்னையும் அழைத்துக்கொண்டு கலவைக்குப் போனார். ஆற்காட்டில் பஸ் மாறும்போது அங்கே எல்லோரும் வாங்குகிற மக்கன் பேடாவை வாங்கப் போய், பிறகு கையை இழுத்துக்கொண்டார். துக்க வீட்டுக்கு இனிப்பா என்று அப்போதுதான் உறைத்தது போல. நண்பரின் அம்மா விதவை. கொஞ்சம் வேர்க்கடலை நிலம் வைத்துப் பிள்ளையைப் படிக்க வைத்தவர். எங்களைப் பார்த்து அழவில்லை. உட்காரச் சொல்லிவிட்டுக் கேட்டார்.

"அந்த வண்டி பழசு, பழசுன்னு சொல்லிக்கினே இருந்தான். நெசமாப்பா?"

"நெசந்தாம்மா. செஞ்ச நாட்டுக்காரனே இப்ப அத செய்யறது இல்ல. ஒண்ணுல இருந்து கழட்டி இன்னொண்ணுல மாட்டி ஓட்டறோம்."

"உங்க எல்லாருக்கும் தெரியுமா இது?"

"தெரியும்."

"தெரிஞ்சே ஏத்தி அனுப்பினீங்களா?"

திரும்பி வரும் பஸ்ஸில், பாலாற்றுப் பாலத்தில் வரும்போது, "நானும் அடுத்த வாரம் அதுலதான் ஏறப் போறேன்" என்று மட்டும் கணவர் சொன்னார். ஆற்றில் மணலைத் தவிர ஒன்றுமில்லை. அதையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

வீட்டில் மாமனார் வேறு வழி பார்த்து வைத்திருந்தார். டேனரி முதலாளி பாய் நல்ல மனிதர். ஏற்றுமதி பெருகிக்கொண்டிருந்தது. இங்கிலீஷ் நன்றாகப் பேசுகிற ஆள் அவருக்குத் தேவைப்பட்டது.

"பாய் கேக்கறாரு. பையன இங்க வந்து உக்கார சொல்லுன்றாரு. இன்னாடா சொல்ற?" என்று மாமனார் கேட்டார்.

"இப்ப முடியாதுப்பா."

நானும் கெஞ்சினேன். சாப்பாட்டுத் தட்டை அவர் முன்னால் வைத்துவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்து, "வந்துடுங்க. எனக்கு வேற ஒண்ணும் வேணாம்" என்றேன். அப்போதுதான் விஷயத்தைச் சொன்னார். பழைய விமானங்களுக்குப் பதில் புதிதாக எதை வாங்கலாம் என்று பார்த்துச் சொல்ல ஒரு குழு போட்டிருந்தார்கள். கப்பலில் இறக்கிப் பழகிய விமானிகளில் இவரையும் அதில் சேர்த்திருந்தார்கள்.

"நான் இப்ப வெளிய வந்துட்டா, கப்பல்ல ஒரு தடவகூட எறங்காதவன் தேர்ந்தெடுப்பான். அது முடியட்டும். முடிஞ்ச அன்னைக்கே ராஜினாமா பேப்பர் போட்டுட்டு வந்துடறேன்."

அந்த வாக்கைப் பிடித்துக்கொண்டுதான் நான் அடுத்த வருடங்களை ஓட்டினேன். இனி அவர் உயிரோடு வீட்டுக்கு வருவது ஒரு விமானத்தைத் தேர்ந்தெடுப்பதில் இருக்கிறது. அப்படித்தான் எனக்குப் பட்டது.

அதுவரை ஜெட் என்றால் எனக்கு வானத்தில் வெள்ளைக் கோடு. பிறகு ஒவ்வொரு லீவிலும் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். சில நாட்டு விமானங்கள் வெகு வேகம், பெரியவை, நிறைய குண்டு சுமக்கும். மேலதிகாரிகள் சிலருக்கு அவற்றின் மேல்தான் ஆசை. இன்னொன்று, ஓடாமலே நின்ற இடத்தில் கிளம்பி, நின்ற இடத்தில் இறங்கக்கூடியது. அதை வெளிநாட்டு விமானி ஒருவர் எங்கள் கப்பலுக்கே கொண்டுவந்து இறக்கிக் காட்டியதை இவர் நேரில் பார்த்திருக்கிறார்.

"அதையே எடுத்துடுங்களேன். தும்பி மாதிரி நின்னு எறங்குதுன்னா ஆபத்து கம்மிதான?" என்றேன்.

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "உனக்கு நான் பொழைக்கறது ஒண்ணுதான் கணக்கு. அது அந்தரத்துல நிக்கறதுக்கே எண்ணெயெல்லாம் குடிச்சிடும். தூரம் போவாது. எடுத்துக்கினு போற ஆயுதமும் கம்மி. சண்டைன்னு வந்தா வேகமா வர்றவன அது எப்படிப் புடிக்கும்?"

"அப்போ பெருச எடுங்க."

"பெருசு எங்க எறங்கும்? நம்ம கப்பல் சின்னது."

கொல்லையில் துணி காயும் கொடியைக் காட்டினார். விமானத்தின் வாலில் தொங்கும் கொக்கி, தளத்தின் குறுக்கே கட்டிய கம்பியைப் பிடிக்க வேண்டும். பிடித்தால் நிற்கும். தவறினால் கடல். வேகமும் எடையும் கூடக்கூட அதற்கு நீளமான தளம் வேண்டும். அவ்வளவு நீளம் எங்களிடம் இல்லை. வேறு கப்பல் வாங்கவும் நாட்டிடம் பணம் இல்லை. கொடியைப் பிடித்தபடி, "நாங்க இன்னா தேர்ந்தெடுக்கறது. கப்பல் எதத் தாங்குமோ அதத்தான் எடுக்கணும்" என்றார். குழுவில், நின்று இறங்குகிற விமானத்தையே வாங்கச் சொன்னார். பெரிய விமானம் கேட்ட அதிகாரி ஒருவர் அதன் பிறகு இவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

குழு சொல்லி முடித்துவிட்டது. ஆனால் டில்லியில் முடிவாகவில்லை. அது முடிவாகும்வரை வெளியே வரமாட்டேன் என்றார் இவர். நெருக்கடி நிலை வந்தது, போனது. ஆட்சி மாறியது. பள்ளி ஆசிரியர் அறையில் பேப்பர் வந்ததும் நான்தான் முதலில் பிரிப்பேன். எப்போதாவது ஒரு மூலையில் நாலு வரி இருக்கும். பரிசீலனையில் இருக்கிறது என்று இருக்கும். அந்தச் சொல்லைப் பார்த்தாலே பேப்பரை மடித்து வைத்துவிடுவேன். எந்த விமானம் என்பதெல்லாம் போய்விட்டது. எதையாவது, யாரிடமிருந்தாவது வாங்கித் தொலையுங்கள் என்று கரும்பலகைக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டு முணுமுணுப்பேன்.

சபையில் பாஸ்டர் ஐயர் ஜெப விண்ணப்பம் கேட்டபோது ஒருநாள் எழுந்து நின்று, "கடற்படைக்குப் புது விமானம் சீக்கிரம் முடிவாவணும்" என்றேன். பெண்கள் வரிசையில் யாரோ சிரித்தார்கள். ஐயர் சிரிக்கவில்லை. பிள்ளை வரத்துக்கும் மழைக்கும் நடுவே அதையும் சேர்த்து ஜெபித்தார்.

புது விமானம் வரும்வரை விமானிகளுக்குப் பழக்கம் விட்டுப்போகக் கூடாது என்று பழையவற்றையே ஓட்ட வைத்தார்கள். மிச்சமிருந்ததில் பறக்கக்கூடியது குறைந்துகொண்டே வந்தது. இவரும் ஓட்டினார்.

ஒரு மத்தியானம், பத்தாம் வகுப்பில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். வாசலில் பாயின் கார் வந்து நின்றது. டேனரி ஆபீசுக்கு டிரங்க் கால் வந்திருக்கிறது. மாமனாரால் பேச முடியாமல் பாயே வந்திருந்தார். வெயிலில் குல்லாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"உயிரு இருக்கும்மா. மொதல்ல அதக் கேட்டுக்க. உயிரு இருக்கு" என்றார்.

இவர் கப்பலில் இறங்கும்போது கொக்கி கம்பியைப் பிடித்திருக்கிறது. கம்பி அறுந்துவிட்டது. தளத்தின் விளிம்பைத் தாண்டும்போது இருக்கையோடு வெளியே வீசப்படும் விசையை இழுத்திருக்கிறார். அந்த வீச்சில் முதுகெலும்பு நசுங்கிவிட்டது. பம்பாய் ஆஸ்பத்திரியில் அவரைப் பார்த்தபோது மார்பிலிருந்து இடுப்புவரை மாவுக்கட்டு. "கால் அசையுது பாரு" என்று கட்டைவிரலை ஆட்டிக் காட்டினார். நான் அந்த விரலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். இனி பறக்க முடியாது என்று டாக்டர் சொன்னதைக் கேட்டு எனக்குள் வந்தது நிம்மதிதான். அவர் முகத்தைப் பார்த்த பிறகு அந்த நிம்மதியும் நிற்கவில்லை.

நடக்கப் பழக வேலூருக்கு அழைத்து வந்தோம். ஒருநாள் பயிற்சி முடிந்து ஆஸ்பத்திரி பெஞ்சில் வேர்த்துப்போய் உட்கார்ந்திருந்தார். யாரோ விட்டுப்போன பேப்பரில் முதல் பக்கத்திலேயே இருந்தது. முடிவாகிவிட்டது. நின்று இறங்குகிற அந்த விமானம்தான். நான் படித்துக் காட்டினேன். திரும்பப் படிக்கச் சொன்னார். பிறகு பேப்பரை வாங்கி மடித்து மடித்துச் சின்னதாக்கினார்.

"இதச் சொல்லி எவ்ளோ வருஷமாச்சு" என்றார். "நாங்க சொன்ன உடனே வாங்கியிருந்தா..."

எழுந்து நடக்க முடிந்ததும் முதலில் போக வேண்டும் என்று கேட்ட இடம் கலவை. இடுப்பில் தோல் பெல்ட் கட்டிக்கொண்டு, பஸ் குலுங்கும்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தார். நண்பரின் அம்மா அவர் நடையைப் பார்த்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டார். புது விமானம் வரப்போவதை இவர் சொன்னார்.

"அது விழாதா?" என்று கேட்டார் அந்த அம்மா.

"விழாதுன்னு சொல்ல முடியாதும்மா. எது வேணாலும் விழும். ஆனா பழசுக்கு இது எவ்ளோவோ மேல்."

அந்த அம்மா எழுந்தார். "ஏறப்போற பசங்களுக்கு அம்மா இருப்பாங்க இல்ல. வரட்டும், நல்லதுதான்" என்றார். உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்தார். பாத்திரங்களின் சத்தம் நின்று அழுகைச் சத்தம் கேட்டது. நான் எழுந்து உள்ளே போனேன். இவர் நாற்காலியிலிருந்து தானாக எழ முடியாமல் அங்கேயே இருந்தார்.

பிறகு அவர் பாயின் டேனரியில் ஏற்றுமதி வேலையில் சேர்ந்தார். நான் கெஞ்சியபடியே எல்லாம் நடந்தது. சுண்ணாம்பும் தோலும் நாறும் சட்டையோடு தினமும் ஐந்தரைக்கு வீட்டுக்கு வந்தார். யாரோடும் பேசுவதில்லை. மாமனார் என்னிடம், "இவன் இங்க இல்லம்மா" என்பார்.

எண்பதுகளில் புது விமானங்கள் கோவா வந்து சேர்ந்தபோது பழைய தோழர்கள் இவரையும் அழைத்தார்கள். போகமாட்டார் என்று நினைத்தேன். சட்டையை இஸ்திரி போடச் சொன்னார். வேலியோரம் நாங்கள் நின்றோம். கடல் பக்கமிருந்து வந்த விமானம் வேகம் குறைந்து, அந்தரத்தில் நின்றேவிட்டது. அதன் இரைச்சலில் என் நெஞ்சு அதிர்ந்தது. இவர் என் தோளைப் பிடித்துக்கொண்டார். விமானம் மெல்ல, மெல்ல இறங்கியது. சக்கரம் தரையைத் தொட்டபோது சுற்றி எல்லோரும் கைதட்டினார்கள்.

"எறங்கிடுச்சி" என்றார். எனக்குக் கேட்காதென்று நினைத்து இன்னொரு முறையும் சொன்னார். என் தோளிலிருந்து கையை எடுக்கவே இல்லை. அவர் முழுப் பாரத்தையும் தாங்கிக்கொண்டு, எஞ்சினை நிறுத்தும்வரை நான் நின்றேன்.