மகளைக் கொன்ற வண்டி

மாயாண்டிக்குக் கை முந்தும், வாய் பிந்தும். இலங்கையின் ராகலைக்கு மேலே இருந்த அந்தத் தோட்டத்தில் அவனிடம் அடி வாங்காத ஆம்பிளைகளை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். தேயிலை அரைக்கும் ஸ்டோரில் இயந்திரங்களைப் பழுது பார்ப்பவன் என்பதால் அவனுக்கு பாஸ் என்று பெயர். கோபம் வந்தால் நின்றுபோன உருளையையும் உதைப்பான், அதற்கு எண்ணெய் விட மறந்தவனையும் உதைப்பான். ஆனாலும் அவன் தொட்ட வேலை தப்பாது என்று துரை முதல் கூட்டிப் பெருக்குகிறவள் வரை நம்பினார்கள். அவனும் நம்பினான்.

ஐம்பத்தாறாம் ஆண்டு தீபாவளிக்கு நாலு நாள் முந்தி, கொழுந்து ஏற்றும் பிக்கப் மேல்மலை வளைவில் நிற்காமல் இறங்கி வந்தது. கொழுந்து நிறுக்கும் மடுவத்துச் சுவரோடு வைத்து அவன் மகள் வீரம்மாவை நசுக்கியது. பதினெட்டு வயது. முதுகில் கூடை இருந்தது. கூடையை அவள் உடம்பிலிருந்து பிரித்தெடுக்க முடியாமல் அப்படியே புதைத்தார்கள். வண்டி சுவரை இடித்துக்கொண்டு போய் ஓடைக்குள் குப்புற விழுந்தது. ஓட்டி வந்த செல்லசாமி பாதி வழியில் வெளியே எறியப்பட்டுப் பிழைத்துக்கொண்டான்.

பிரேக் பிடிக்கவில்லை என்று செல்லசாமி கோர்ட்டில் அழுதான். அந்த வண்டியையும் பழுது பார்த்தது மாயாண்டிதான். கூண்டில் ஏறி, பிரேக்கை என் கையால் பார்த்தேன், அதில் குற்றமில்லை, இவன்தான் காலை வைக்கவில்லை என்று சத்தியம் செய்தான். அதற்குப் பிறகு ஓடைக்குள் இறங்கி வண்டியைப் பார்க்க யாரும் மெனக்கெடவில்லை. செல்லசாமிக்கு ஒரு வருசம் ஜெயில் கிடைத்தது.

அவன் வெளியே வந்து, லைசென்ஸும் போய், மம்பட்டியோடு, வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்களத்தில் வரிசையில் நின்ற முதல் நாளே மாயாண்டி இரும்புக் கம்பியால் அவன் இடது கையை இரண்டு இடத்தில் முறித்தான். முறிந்த சத்தம் கடைசி வரிசை வரைக்கும் கேட்டது. செல்லசாமி தடுக்கவும் இல்லை, கத்தவும் இல்லை. அதற்காக மூன்று மாதம் ஜெயிலில் இருந்துவிட்டு வந்த பிறகும் மாயாண்டியின் ஆத்திரம் அடங்கவில்லை. கைதானே போயிற்று, உயிர் இருக்கிறதே என்று வயிறு எரிந்தது.

அந்த எரிச்சலோடுதான் துரையிடம் போய் ஓடைக்குள் கிடந்த பிக்கப்பைக் கேட்டான். குப்பை தொலைந்தால் சரி என்று துரை கொடுத்துவிட்டார். எட்டுப் பேர் சங்கிலி போட்டு இழுத்து, வரிசை வீடுகளான லயத்தின் கடைசிக் காம்பராவுக்குப் பின்னால், விறகுக்கொட்டிலைப் பிரித்த இடத்தில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அந்தக் காம்பராதான் அவன் வீடு.

மலையில் கொழுந்து பறித்துவிட்டு வந்த அவன் மனைவி பேச்சியம்மா அதைப் பார்த்தாள். கூடையைக்கூட இறக்காமல் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியை எடுத்துவந்து சீட்டைக் கிழித்தாள், மிச்சமிருந்த கண்ணாடியை நொறுக்கினாள், பானட்டைக் கொத்தினாள். மாயாண்டி அவள் தலைமயிரைப் பிடித்துச் சுவரில் மோதினான். அவள் விறகுக்கட்டையால் அவன் நெற்றியைப் பிளந்தாள். அக்கம்பக்கத்துக் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டன. கண்ணுக்குள் வழிந்த இரத்தத்தைத் துடைத்துக்கொண்டே அவன் சொன்னான்:

"இது ஓடணும் புள்ளெ. அதே வளைவுல, அதே செவத்துல வச்சு அவனெ நசுக்கணும். அதுக்குத்தான் கொண்டாந்தேன்."

பேச்சியம்மா கட்டையைக் கீழே போட்டாள். மறுநாள் விடிந்ததும் மண்ணெண்ணெய் டின்னுக்கு முன்னால் குந்தி, துருப்பிடித்த போல்ட்டுகளைத் தேய்க்கத் தொடங்கினாள்.

இவர்கள் என்ன பிறவிகள் என்று கேட்கத் தோன்றும். மகளைப் புதைத்த நாளிலிருந்து முகம் கொடுத்துப் பேசாத இரண்டு பேர், ஒருவனைக் கொல்வதற்காகத்தான் மறுபடி பேசினார்கள். ஸ்பானர் கேட்டான், கொடுத்தாள். சாப்பிடக் கூப்பிட்டாள், வந்தான். அந்த ஒரு வருசம் அவர்கள் நல்லபடியாகக் குடித்தனம் நடத்தினார்கள் என்றே சொல்ல வேண்டும்.

பிஸ்டன்கள் இறுகிக் கிடந்தன. மண்ணெண்ணெய் ஊற்றிப் பத்து நாள் ஊறவிட்டு, இரண்டு பேரும் என்ஜினைச் சுற்றும் ஹேண்டிலில் தொங்கினார்கள். ஒரு தடவை ஹேண்டில் திருப்பி அடித்துப் பேச்சியம்மாவின் முன்பற்கள் இரண்டைப் பெயர்த்தது. துப்பிவிட்டு மறுபடி பிடித்தாள். ரேடியேட்டரின் ஓட்டைகளை ஈயம் உருக்கி அடைத்தான். உடைந்த தேயிலைப் பெட்டிப் பலகைகளால் பின்பக்கத்தைக் கட்டினான். ஸ்டோரைக் காக்கும் ரோதமுனிக்கு முன்னால் கற்பூரம் கொளுத்தி, மகளைக் கொன்றவனை இந்தச் சக்கரத்துக்குக் காவு தருகிறேன் என்று பேச்சியம்மா நேர்ந்துகொண்டாள்.

விசயம் தோட்டம் முழுக்கத் தெரிந்திருந்தது. வேறு தோட்டத்துக்குப் போய்விடு என்று செல்லசாமிக்குப் புத்தி சொன்னவர்கள் உண்டு. அவன் போகவில்லை. கோணலாகக் கூடிய கையோடு தினமும் அந்த வளைவு வழியாகவே வேலைக்குப் போய் வந்தான். என்ஜின் முதன்முதலாக உறுமிய அன்றும் அப்படியே போனான்.

மிச்சம் பிரேக்தான். கொல்லப் போகிற வண்டிக்கு பிரேக் எதற்கு என்று பேச்சியம்மாவே கேட்டாள். நியாயமான கேள்விதான். ஆனால் அரைகுறை வேலையாக ஒரு வண்டியை வெளியே விட அவனுக்கு மனம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி நிறுத்தி, சக்கரங்களைக் கழற்றிவிட்டு அடியில் புகுந்தான். பேச்சியம்மா ஜாக்கிக்குப் பக்கத்தில் சாமான்களோடு குந்தியிருந்தாள்.

காய்ந்து இறுகிய சேற்றைச் சுரண்டினான். பெடலிலிருந்து வரும் கம்பி கழன்று தொங்கியது. கம்பியைப் பூட்டும் ஊசி பாதி நழுவியிருந்தது. அது நழுவாமல் ஸ்ப்ளிட் பின் இருக்க வேண்டிய துளையில் ஒரு பெட்டி ஆணி, தலை தேய்ந்து அறுந்துபோய், துருவில் ஒட்டிக்கொண்டு நின்றது. அதன் நுனி இரண்டு முறை மடக்கி அடிக்கப்பட்டிருந்தது. அப்படி மடக்குகிறவன் அந்த மலையில் ஒருவன்தான்.

வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம் என்பார்கள். ஸ்டோரில் எது அறுந்தாலும் மாயாண்டிக்குத் தேயிலைப் பெட்டி ஆணி. தீபாவளிக்கு முந்திய வாரம் கொழுந்து மலையாகக் குவிந்து கிடந்தது. புதுப் பின் கண்டியிலிருந்து வரும் வரைக்கும் இது தாங்கட்டும், வந்ததும் மாற்றலாம் என்று அடித்தான். மறுநாள் உருளையின் பட்டை அறுந்தது. அந்த அமளியில் ஆணியை மறந்தான். பிறகு மாற்றிவிட்டதாகவே நினைத்தான். அந்த நினைப்பில்தான் கூண்டில் ஏறிச் சத்தியம் செய்தான்.

ஆணியைப் பிடுங்கிச் சாக்கடைக் கானுக்குள் எறிந்தால் போதும். யாருக்கும் தெரியாது. செல்லசாமி சாவான், கணக்குத் தீரும், பேச்சியம்மா பழையபடி சோறு போடுவாள். அந்த ஆசை அவனுக்கு வந்தது. வரவில்லை என்று சொன்னால் பொய். ஆணியை விரலால் தடவிப் பார்த்தான். பிறகு வெளியே வராமலே சொன்னான்:

"பேச்சி, அவன் பிரேக்கெ மிதிச்சுத்தான் இருக்கான். இதுல பெட்டி ஆணி இருக்கு. அடிச்சது நான். நாந்தான் அவளெக் கொன்னது."

அவனுக்குத் தெரிந்தது அவள் பாதங்கள் மட்டும். அவை ஜாக்கியை ஒட்டி வந்து நின்றன. அவன் கண்ணை மூடிக்கொண்டான். நகரவில்லை. வெகுநேரம் கழித்துப் பாதங்கள் திரும்பிப் போயின. அவள் வருவாள் என்று தெரிந்து அப்படியே கிடந்தான். திரும்பி வந்தபோது நாலு பாதங்கள் இருந்தன.

"இந்தா ஜாக்கி," என்றாள் பேச்சியம்மா. "எம்மகளெ நீ கொல்லல்ல. இவன் கொன்னான். ஒன் கையெயும் ஒடச்சான். என்ன செய்யணுமோ செஞ்சுக்க."

செல்லசாமி குனிந்தான். மாயாண்டி ஆணியைப் பிடுங்கி நீட்டினான். செல்லசாமி அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"எங்காலுதான் மிதிக்காம விட்டிருச்சுன்னு மூணு வருசமா நெனச்சுக்கிட்டிருந்தேன் பாஸ்," என்றான். "நீங்க சத்தியம் பண்ணுனீங்களே. நம்பிட்டேன்."

பிறகு கால்களைப் பிடித்து அவனை வெளியே இழுத்துப் போட்டான். ஹேண்டிலை எடுத்து ஒற்றைக் கையால் அடித்தான். தோள், விலா, முழங்கால் என்று பார்க்காமல் அடித்தான். விலா எலும்புகள் நொறுங்கின. ஒரு கண் வீங்கி மூடிக்கொண்டது. லயமே வந்து சுற்றி நின்றது, ஒருவரும் குறுக்கே போகவில்லை. பேச்சியம்மா முகத்தைத் திருப்பவில்லை. வாங்கிய அடியைத் திருப்பிக் கொடுக்காமல் ஒரு நாளும் விடாத மாயாண்டி, இரண்டு கைகளையும் பக்கவாட்டில் வைத்துக்கொண்டு மல்லாந்து கிடந்தான்.

கடைசியில் செல்லசாமிக்குக் கை ஓய்ந்தது. ஹேண்டிலைப் போட்டுவிட்டு மண்ணில் உட்கார்ந்து அழத் தொடங்கினான். மாயாண்டி தலையை அவன் பக்கம் திருப்பினான். வாயில் நிறைந்த இரத்தத்தைத் துப்பினான்.

"இன்னும் உசுரு இருக்கேப்பா," என்றான். "ஏன் நிப்பாட்டிட்டே?"