தண்ணீர் கேட்கும் முறை

வெள்ளைக்காரன் ஊரை விட்டுப் போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. பெரியப்பா வீட்டை விட்டு மட்டும் அவன் போகவில்லை. சைகோனில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவர் அவர். பென்ஷனோடு சேர்த்து, ஊர்ப் பிள்ளைகளுக்கு மரியாதை கற்பிக்கும் உரிமையையும் வாங்கி வந்ததாக நினைப்பு.

ஞாயிற்றுக்கிழமைகளில் அரியாங்குப்பத்திலிருந்து பாலம் தாண்டி அவர் வீட்டுக்கு நடந்தே போவோம். எனக்கு ஏழு வயது, தங்கைக்கு நாலு. போய்ச் சேரும்போது நாக்கு அண்ணத்தில் ஒட்டியிருக்கும். ஆனால் அங்கே சும்மா தண்ணீர் கேட்டுவிட முடியாது. நிமிர்ந்து நின்று, 'சில்வூப்ளே' என்று சொல்ல வேண்டும். 'தயவுசெய்து' என்பதற்குப் பிரெஞ்சு.

ஒரு நாள் அவரோடு விருந்தாளிகள் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். தங்கை போய், "பெரியப்பா, தண்ணி வேணும்" என்றாள்.

"எப்டிக் கேக்கணும்?"

"சில்லுப்புளி."

விருந்தாளிகள் தொடையைத் தட்டிச் சிரித்தார்கள். பெரியப்பாவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. "இன்னொரு வாட்டி சொல்லு." மறுபடி புளி. மறுபடி சிரிப்பு. அம்மாவும் கதவோரம் நின்று அசட்டுச் சிரிப்புச் சிரித்தாள். பகையாளி கேட்டாலும் சொம்பை நீட்டுகிற ஊர் எங்களுடையது. நாலு வயதுப் பிள்ளையைக் காயவைத்து வேடிக்கை பார்த்ததற்குத்தான் அங்கே நாகரிகம் என்று பெயர். அவள் அழுகையோடு சரியாகச் சொன்ன பிறகே பெரியம்மாவுக்குத் தம்ளரைக் கொண்டுவர உத்தரவானது.

கொஞ்ச நேரத்தில் பெரியப்பாவுக்கும் தாகம். உட்கார்ந்தபடியே சமையலறைப் பக்கம் திரும்பிக் கத்தினார்: "ஏய், தண்ணி கொண்டா!"

தங்கை அவரை நிமிர்ந்து பார்த்தாள். "பெரியப்பா, நீங்க சில்வூப்ளே சொல்லல."

குறும்பு ஒன்றுமில்லை. அந்த முறை எல்லோருக்கும்தான் என்று நம்பியிருந்தாள், பாவம்.

இந்தத் தடவை விருந்தாளிகள் சிரிக்கவில்லை. அம்மா அவள் முதுகில் ஒன்று வைத்தாள்.

"புள்ளைய நல்லா வளத்திருக்க" என்றார் பெரியப்பா.

பெரியம்மா தண்ணீரோடு வந்தாள். அவர் கையை நீட்டினார். அவளோ தம்ளரை எதிர்மூலை மேசைமேல் வைத்துவிட்டு, "வாடி கண்ணு" என்று தங்கையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். பட்டாளத்துக்காரர் எழுந்து நடந்துபோய்க் குடித்தார்.

அதன்பின் அப்பா மட்டும்தான் போய்வந்தார். பெரியப்பா இப்போது பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு மரியாதை சொல்லிக்கொடுக்கிறாராம். அப்பா அதைப் பெருமையாகவே சொன்னார்.