ஜிப்பக்கா பெருக்கி வைத்த இடம்

மேம்பாலத்தின் மூன்றாவது தூணுக்குக் கீழே ஆறு வருடமாக வசிக்கிறவளை எல்லோரும் ஜிப்பக்கா என்பார்கள். பயணிகளின் பையில் ஜிப் மக்கர் பண்ணினால் குறட்டால் ஒரு அழுத்து, மெழுகுவர்த்தியால் ஒரு தேய்ப்பு. பை வாயை மூடிவிடும். அக்கா மூடமாட்டாள். "உள்ள என்னத்தைத் திணிச்ச, உன் மாமியாரையா?" என்று கேட்டுவிட்டுத்தான் பையைக் கொடுப்பாள்.

தெருவில் வாழ்கிறவர்களின் அன்றாடத்தை எழுதி வைப்பது என் வேலை. பதினொரு நாள் அவள்கூடவே இருந்தேன். விடியுமுன் கட்டணக் கழிப்பறையில் வரிசை, குழாயடியில் குளியல், பிறகு பேருந்து நிலைய வாசல். தூங்கும்போது துணிமூட்டையைக் கணுக்காலில் கட்டிக்கொள்வாள். யாராவது இழுத்தால் விழிப்பு வர வேண்டுமாம். படுக்கையோடு மட்டும் படம் எடுக்க விடவில்லை. "குறடோட எடு. படுத்திருக்கிறதையெல்லாமா ஊருக்குக் காட்டுவாங்க?" நானும் பெரிய மனசு பண்ணி விட்டுவிட்டேன்.

வீடில்லாத பெண்களுக்கான அரசு விடுதியில் ஒரு இடம் காலியானது. அவளுக்கு அங்கே கட்டில் பெரிதில்லை. கதவில் தாழ்ப்பாள் இருப்பதுதான் பெரிது. "ஒரு நாளாவது காலைக் கட்டாம தூங்கணும் தங்கச்சி" என்றாள். அந்த இடம் கிடைக்க, விடுதி அதிகாரி நேரில் வந்து பார்த்து, இவள் தெருவில்தான் வசிக்கிறாள் என்று எழுத வேண்டும். "நாளைக்குப் பத்து மணிக்கு வர்றாங்க, தயாரா இருங்கக்கா" என்று சொன்னது நான்தான். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

மறுநாள் போய்ப் பார்த்தேன். தூணடியைப் பெருக்கிக் கழுவி விட்டிருந்தாள். அட்டை, பாய், அடுப்புக்கல், மூட்டை ஒன்றையும் காணோம். எல்லாம் பக்கத்து டீக்கடைக்காரரின் கொட்டகைக்குப் போயிருந்தன. இஸ்திரி போட்ட இரவல் புடவையில் அக்கா நின்றிருந்தாள். சாமானைத் திரும்பக் கொண்டுவரச் சொல்வதற்குள் அதிகாரியின் வண்டி வந்துவிட்டது.

"இங்க தங்கியிருக்கிற அம்மா எங்க?" என்று அவளிடமே கேட்டார்.

"நான்தான் சார்."

"படுக்கை, சாமானெல்லாம்?"

"எடுத்து வெச்சாச்சு சார். ஆள் வர்றாங்கன்னா வீட்டைப் போட்டது போட்டபடியா வெச்சிருப்பாங்க?"

என் நோட்டை நீட்டினேன், படங்களைக் காட்டினேன், டீக்கடைக்காரரைக் கூப்பிடுகிறேன் என்று கெஞ்சினேன். அதிகாரி கெட்டவர் இல்லை, எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்தார்.

"இதுல இவங்க வேலை செய்யறதுதாம்மா தெரியுது. நான் கண்ணால பார்த்ததைத்தான் எழுத முடியும்."

வசிக்கும் அடையாளம் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மறுபடி சரிபார்க்க அடுத்த வருடம்தான் வருவார்களாம். பதினொரு நாள் பக்கம் பக்கமாக எழுதிய எனக்கு ஒரு தாழ்ப்பாள் வாங்கித் தரத் துப்பில்லை. அவமானமாக இருந்தது.

வண்டி போனது. அக்கா மெதுவாகக் கேட்டாள்.

"அப்போ நான் அழுக்கா இருந்திருக்கணுமா?"

"ஆமாக்கா."

"மொதல்லயே சொல்லியிருந்தா இருந்திருப்பேனே, தங்கச்சி."