இடது பக்க ஒடுக்கு

இது நடந்தது. இருட்டில் இல்லை, பட்டப்பகலில். மே மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், பூரணாங்குப்பத்தில். நம்பாதவர்கள் அன்று பாக்யராஜ் போட்டிருந்த சட்டையைப் பார்க்கலாம். பிளாஸ்டிக் பையில் சுற்றி, அவன் வீட்டுப் பரணில் இன்னும் இருக்கிறது. துவைக்கவில்லை. எரிக்கவும் அவனுக்குக் கை வரவில்லை.

பாக்யராஜ் வேலை பார்த்த கம்பெனியை மார்ச்சில் மூடிவிட்டார்கள். ஏப்ரல் முழுக்க அலைந்து வில்லியனூர் புரோக்கர் ஒருவரிடம் பழைய ஆம்னி வேன் ஒன்றை வாங்கினான். பச்சை நிறம். "ஒரு வருசமா ஷெட்ல மூடிக் கெடந்த வண்டி தம்பி. ஓடவே இல்ல. எஞ்சின் கல்லு மாதிரி இருக்கும்" என்றார் புரோக்கர். பாகூர்ப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் பிள்ளைகளை ஏற்றி இறக்க ஆள் தேடினார்கள். வண்டி மஞ்சளாக இருக்க வேண்டும், எஃப்சி என்ற தகுதிச் சான்று ஆகியிருக்க வேண்டும், திங்கட்கிழமை மாலைக்குள் கொண்டுவந்து காட்ட வேண்டும். இல்லையென்றால் அந்த ரூட் வேறு ஆளுக்கு.

ஜூன் பிறப்பதற்குள் எல்லாப் பள்ளி வண்டிகளும் பெயின்ட் அடித்தாக வேண்டும். எந்தப் பட்டறையிலும் இடமில்லை. வில்லியனூர் பெயின்டர் இன்னாசிமுத்து இருபது நாள் கேட்டார்.

"நானே அடிச்சிக்கறேண்ணே. யூடியூப்ல பாத்துட்டேன்."

"யூடியூப்ல பாத்து ஆப்பரேசன் கூட பண்ணலாம்டா. ஆளு பொழைக்கணும்ல?" என்று சிரித்தார் இன்னாசிமுத்து. ஆனாலும் தன் பழைய கம்ப்ரசரையும் ஸ்ப்ரே கன்னையும் கொடுத்தனுப்பினார்.

மூன்று நாள் எமரி ஷீட், அதாவது உப்புத்தாள், போட்டுத் தேய்த்தான். விரல் நுனியெல்லாம் தோல் போயிற்று. அப்போது சில விஷயங்கள் கண்ணில் பட்டன. வலது முன்விளக்கு பழுப்பேறிக் கிடந்தது, இடது விளக்கு மட்டும் புதிது. அதற்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்கு ஓர் ஒடுக்கு. பம்பர் இடுக்கில் நீல நைலான் நூல் ஒரு கொத்து சிக்கியிருந்தது. பிடுங்கி எறிந்தான். ஒடுக்கைப் பட்டிப் பசை வைத்து நிரப்பி, தேய்த்து மட்டமாக்கினான். பச்சைத் தூளையெல்லாம் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டான்.

பெயின்ட் அடிக்கும்போது தூசி பறக்கக்கூடாது. வீட்டை ஒட்டிய தகர ஷெட்டுக்கு ஒரு பக்கம்தான் சுவர். மற்ற மூன்று பக்கத்தையும் மறைக்க, பேனர் கட்டும் சிநேகிதன் விஜயராஜிடம் பழைய ஃபிளெக்ஸ் கேட்டான். எங்கள் பக்கத்தில் ஃபிளெக்ஸுக்குப் பஞ்சமில்லை. விழா முடிந்த மறுநாளே அது கூரைக்கோ, வைக்கோல் போருக்கோ, குளியலறைத் தடுப்புக்கோ போய்விடும்.

"கல்யாணம் ஒண்ணு, மஞ்சள் நீராட்டு ஒண்ணு, நினைவஞ்சலி ஒண்ணு. முழு வாழ்க்கையும் குடுத்துட்டேன், கட்டிக்கடா" என்றான் விஜயராஜ்.

நினைவஞ்சலி ஃபிளெக்ஸைத் தெருப்பக்கம் கட்டினான், வண்டியின் மூக்குக்கு நேர் எதிரில். நடுவில் ஒரு பெரிய வட்டம். அதற்குள் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவரின் முகம். ஏறுநெற்றி, நரைத்த மீசை. கீழே: முதலாம் ஆண்டு நினைவஞ்சலி, குழந்தைவேல், மணப்பட்டு. பாக்யராஜுக்கு அவரைத் தெரியாது.

மனைவி சகாயராணி பார்த்ததும் இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

"இன்னாங்க இது? போற வர்றவங்க நம்ம வூட்ல எழவுன்னு நெனைக்கப் போறாங்க. உள்ளார திருப்புங்க."

திருப்பிக் கட்டினான். இப்போது முகம் வண்டியைப் பார்த்தது.

சனிக்கிழமை. தின்னர் நெடி பிள்ளைக்கு ஆகாது என்று சகாயராணி மகளைக் கூட்டிக்கொண்டு அடுத்த தெருவிலிருந்த தங்கை விஜயராணி வீட்டுக்குப் போய்விட்டாள். பாக்யராஜ் கண்ணாடிகளை மறைத்து, தரை முழுக்கச் செய்தித்தாள் விரித்து, மூக்கில் துணி கட்டிக்கொண்டான். ஷெட்டுக்குள் அவன் ஒருவன்தான்.

காலை 11.20. முதல் கோட்.

கம்ப்ரசர் காதைப் பிளந்தது. மஞ்சள் புகை எழுந்து எல்லாவற்றின் மேலும் படிந்தது. பன்னிரண்டு நிமிடத்தில் முடித்தான். பரவாயில்லை, வழியவில்லை. இடது விளக்குக்குக் கீழே, பட்டி வைத்த இடத்தில் மட்டும் பெயின்ட் ஒட்டவில்லை. எண்ணெய்மேல் தண்ணீர் போலச் சுருங்கி விலகிக்கொண்டது. உள்ளங்கை அளவுக்குச் சாம்பல் நிறம் தெரிந்தது.

இன்னாசிமுத்துவுக்கு போன் போட்டான்.

"எண்ணெக் கை பட்டிருக்கும். தின்னர்ல தொடச்சிட்டு அடி."

"ஒரே எடத்துலதாண்ணே."

"ஒரு கைதான் பட்டிருக்கும்" என்று வைத்துவிட்டார்.

துடைக்கத் துணி எடுத்துத் திரும்பியபோது ஃபிளெக்ஸைப் பார்த்தான். கல்யாண ஜோடியின் முகத்தில் மஞ்சள் தூள் படிந்திருந்தது. சடங்குப் பெண்ணின் முகத்திலும்தான். மணப்பட்டுக்காரரின் ஃபிளெக்ஸும் முழுக்க மஞ்சள். ஆனால் அந்த முகத்தில் மட்டும்... ஒரு பொட்டுகூட இல்லை. கழுவி வைத்தது போல இருந்தது.

மை அப்படி, என்று நினைத்துக்கொண்டான்.

11.50. இரண்டாவது கோட்.

முடித்துவிட்டு முதலில் அந்த இடத்தைத்தான் பார்த்தான். மறுபடியும் சுருங்கியிருந்தது. அப்புறம் ஃபிளெக்ஸைப் பார்த்தான். முகத்தின் மேல் இப்போது மஞ்சள் படிந்திருந்தது.

கன்னைக் கீழே வைத்தான்.

அப்படியானால் மை காரணம் இல்லை. முதல் கோட்டின்போது அந்த முகத்துக்கு முன்னால் ஏதோ மறைத்து நின்றிருக்கிறது. இப்போது அது அங்கே இல்லை.

கண் தானாகத் தரைக்கு இறங்கியது.

விரித்த செய்தித்தாள் எங்கும் மஞ்சள். ஃபிளெக்ஸுக்கும் வண்டிக்கும் நடுவில் மட்டும் இரண்டாவது கோட் விழாத இரண்டு இடங்கள். அங்கே முதல் கோட்டின் மெல்லிய மஞ்சளுக்கு அடியில் அச்செழுத்துகள் தெரிந்தன. பாத வடிவில். வெறும் கால்கள். விரல்கள் வண்டியைப் பார்த்து இருந்தன. வலது காலில் ஐந்து. இடது காலில் நான்கு. சுண்டுவிரல் இல்லை.

யாரோ நடந்திருந்தால் பெயின்டில் கால் பதிந்திருக்கும். இது பதிந்த தடம் இல்லை. அவன் இரண்டாவது கோட் அடித்துக்கொண்டிருந்த நேரம் முழுக்க அங்கே ஒருவர் அசையாமல் நின்றிருக்கிறார். அவர்மேல் பட்டதால் தரைக்கு வராத பெயின்ட் அது.

சிலுவை போட்டுக்கொண்டான். அந்தத் தாளை மட்டும் சுருட்டி எறிந்துவிட்டுப் புதிதாக ஒன்றை விரித்தான். ஓடிவிடலாம். ஆனால் கலந்த பெயின்ட் மாலைக்குள் கெட்டுவிடும். திங்கட்கிழமை போனால் ரூட்டும் போகும். இன்னும் ஒரே ஒரு கோட்.

12.20.

பின்பக்கம் முடித்தான். வலது பக்கம் முடித்தான். இடது பக்கம் சுற்றி வந்து மூக்குக்குப் போனான். அந்த இடத்துக்கு நேராகக் கன்னை நீட்டினான்.

12.30. கரண்ட் போயிற்று.

கம்ப்ரசர் அடங்கியது. ஆனால் டேங்கில் காற்று மிச்சமிருந்தது. கன் மட்டும் சீறிக்கொண்டிருந்தது. பாதியில் நிறுத்தினால் கோடு விழும். நிறுத்தவில்லை.

அப்போதுதான் கேட்டது.

டிக்... டிக்... டிக்... டிக்...

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தால் பின்சக்கரத்தில் கேட்குமே, அந்தச் சத்தம்.

தெருவில் யாரோ, என்று நினைத்தான்.

சத்தம் தெருவில் இல்லை.

ஷெட்டுக்குள் இருந்தது.

டிக்... டிக்...

பக்கத்தில்.

டிக்.

நின்றது.

வலது தோளில் எடை இறங்கியது. மே மாத வெயிலில், தகரக் கூரைக்கு அடியில், ஐஸ் கட்டி போல. அது அவனைப் பின்னால் இழுத்தது. முரட்டுத்தனமாக இல்லை. கெஞ்சுவது போல.

திரும்ப முடியவில்லை. கத்த முடியவில்லை. கை மட்டும் போய் வந்துகொண்டிருந்தது. இடமிருந்து வலம். வலமிருந்து இடம்.

சாம்பல் நிறம் மெல்ல மறைந்தது.

இந்த முறை பெயின்ட் சுருங்கவில்லை.

ஒட்டியது.

தோளிலிருந்த எடை போயிற்று.

டிக்... டிக்... டிக்...

தேய்ந்து... தேய்ந்து... இல்லாமல் போயிற்று.

கரண்ட் 12.41க்கு வந்தது. ஒரு மணிக்கு சகாயராணி வந்தபோது அவன் வாசல் படியில் உட்கார்ந்திருந்தான். வண்டியைப் பார்த்து அவள் முகம் மலர்ந்தது. "யோவ், நெசமாவே நல்லா அடிச்சிருக்கியே!" என்றபடி அவனுக்குப் பின்னால் போனவள் பேச்சை நிறுத்திவிட்டாள்.

"சட்டையக் கழட்டுங்க."

"ஏன்?"

"கழட்டுங்கன்றேன்ல."

வெள்ளைச் சட்டை. முதுகு முழுக்க மெல்லிய மஞ்சள் தூள். வலது தோளில் மட்டும் மஞ்சள் விழாமல் வெள்ளையாக ஒரு கை. ஐந்து விரலும் எண்ணலாம்.

அன்று மாலையே ஃபிளெக்ஸை அவிழ்த்துவிட்டார்கள். இறந்தவர் முகத்தைக் குப்பையில் போடவும் பயம், வீட்டில் வைக்கவும் பயம். "அவங்க வூட்லயே குடுத்துட்டு ஒரு மன்னிப்பு கேட்டுட்டு வந்துருங்க" என்றாள் சகாயராணி. பாக்யராஜ் துணியால் துடைத்தான். மஞ்சள் தூளாக உதிர்ந்தது. முகம் திரும்ப வந்தது.

திங்கட்கிழமை எஃப்சி ஆயிற்று. ரூட்டும் கிடைத்தது. செவ்வாய்க்கிழமை காலை அதே வண்டியில் மணப்பட்டுக்குப் போனான்.

குழந்தைவேலின் மனைவி காசம்மாள் வாசலில் கருவாடு காயவைத்துக்கொண்டிருந்தார். ஃபிளெக்ஸை வாங்கி மடியில் விரித்துப் பார்த்தார். கோபப்படவில்லை.

"எடுத்துக்கினு போனவங்க யாரும் திருப்பிக் குடுத்ததில்ல தம்பி. உள்ள வா, தண்ணி குடி."

உள்ளே சுவரில் ஒரு போட்டோ. படகின் பக்கத்தில் குழந்தைவேல், லுங்கியை மடித்துக் கட்டி, வெறுங்காலோடு. பாக்யராஜ் கிட்டே போய்ப் பார்த்தான். இடது காலில் நான்கு விரல்கள்.

"கயிறு சுத்தி அறுத்துருச்சு, சின்ன வயசுல" என்றார் காசம்மாள், அவன் பார்வை போன இடத்தைப் பார்த்து.

"எப்படிக்கா எறந்தாரு?"

"விடியக்காலைல. கேரியர்ல நீல வலைய வச்சிக்கினு, சைக்கிளத் தள்ளிக்கினு ரோட்டோரமா போயிருக்காரு. பின்னாடி வந்து அடிச்சுட்டு நிக்காமப் போயிட்டான். டீக்கடைக்காரரு பாத்துருக்காரு. பச்ச வேனாம். முன்பக்கம், எடது லைட்டு ஒடஞ்சிருந்துச்சாம். நம்பரப் பாக்கல."

பாக்யராஜ் கையிலிருந்த தண்ணீர்ச் சொம்பைக் குடிக்காமலே கீழே வைத்தான்.

"போலீசு தேடுச்சு. வண்டி கெடைக்கல. எவனோ மூடி வச்சிட்டான். ஒடுக்கு இருக்கும்ல? அது பொய் சொல்லாதுல்ல? அதான் எந்தப் பச்ச வேன் வந்தாலும் போயி மூக்கண்ட குனிஞ்சு பாப்பேன். ஊருல பைத்தியம்ன்றாங்க." அவர் வாசலைப் பார்த்துச் சிரித்தார். "உன்னுது நல்ல மஞ்சளா இருக்கு. புள்ளைங்கள ஏத்துற வண்டியா? பத்தரமா ஓட்டு."

அவன் வாய் திறந்தான். பட்டி வைத்து நிரப்பியது அவன் கை. தேய்த்தது அவன் கை. நீல நூலைப் பிடுங்கி எறிந்ததும், தூளைக் கழுவிவிட்டதும், மூன்று கோட் அடித்து மூடியதும் அவன் கைதான். சொன்னால் காட்டுவதற்கு என்ன இருக்கிறது?

"இன்னா தம்பி, ஏதோ சொல்ல வந்தியே?"

"ஒண்ணுமில்லக்கா."

அன்றே புரோக்கருக்கு போன் போட்டான். மணி அடித்தது, யாரும் எடுக்கவில்லை. மறுநாள் அந்த எண் உபயோகத்தில் இல்லை என்றது.

இப்போது பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. காலையில் பதினொரு பிள்ளைகள், மாலையில் பதினொரு பிள்ளைகள். ஒவ்வொரு நிறுத்தத்திலும், பள்ளி வாசலில் அரை மணி நேரம் காத்திருக்கும்போதும், பாக்யராஜ் எஞ்சினை அணைப்பதில்லை. பெட்ரோல் வீணாகிறது என்று சகாயராணி தினமும் சத்தம் போடுகிறாள்.

இரவு வீட்டு வாசலில் மட்டும் வேறு வழியில்லை. சாவியைத் திருப்பியாக வேண்டும். திருப்பியதும் காதைப் பொத்திக்கொண்டு வீட்டுக்குள் ஓடிவிடுகிறான். அணைந்த எஞ்சின் ஆறும்வரை, இடது விளக்கின் பக்கம்...

டிக்... டிக்... டிக்...