சொராமாருவின் உயரம்

என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று யாராவது கேட்டால், குழி தோண்டுகிறேன் என்று சொல்வது உசுகி மிசாவோவின் வழக்கம். பொய்யில்லை. ஹிகாஷி ஒசாகாவில் திருகாணிப் பட்டறை ஒன்றின் மாடியில் இயங்கிய சிறிய வீடியோ கேம் கம்பெனியில், ஓடித் தாவும் ஆட்டங்களுக்கு எங்கே பள்ளம், எங்கே மேடு, எந்தத் திருப்பத்தில் எதிரி நிற்பான் என்று முடிவுசெய்வதுதான் அவள் தொழில். நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தாள். கல்யாணம் ஏன் செய்துகொள்ளவில்லை என்று கேட்டவர்களுக்கும் இதே பதிலைத்தான் சொன்னாள் என்று அலுவலகத்தில் ஒரு பேச்சு உண்டு.

அவள் தோண்டியவற்றில் பெயர்பெற்றவை 'சொராமாரு' என்ற ஆட்டத்தின் குழிகள். கையில் பிடித்து ஆடும் பெட்டிக்கான ஆட்டம். நாயகன் ஒரு மொச்சைக்கொட்டை. ஆரம்பத்தில் அவன் சாமுராயாகத்தான் இருந்தான். ஆனால் அந்தப் பெட்டியின் திரை தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிது, அவ்வளவுதான். வாளை வரைந்தால் கைக்கு இடமில்லை. கையை வரைந்தால் முகத்துக்கு இடமில்லை. படம் வரையும் நிஷிவாகி ஒரு நாள் பொறுமை இழந்து எல்லாவற்றையும் அழித்துவிட்டு, ஒரு கொட்டையைப் போட்டு அதற்கு இரண்டு கண்ணும் இரண்டு காலும் வைத்தார். கோபத்தில் பிறந்த அந்தக் கொட்டை நாடு முழுக்க ஓடியது. ரயிலிலும் பல் மருத்துவரின் காத்திருப்பு அறையிலும் பள்ளிக்கூடக் கழிப்பறையிலும் மக்கள் அதைத் தாவவைத்துக்கொண்டிருந்தார்கள்.

வெற்றியைப் போல மனிதனை அவமானப்படுத்துவது வேறொன்றில்லை. தன் பெயரை நிலைநாட்டிய படைப்பு ஒரு பருப்பு என்பதை நிஷிவாகியால் செரிக்க முடியவில்லை. அது உருளைக்கிழங்கா, சிறுநீரகமா என்று அவருடைய மாமனாரே கேட்டிருக்கிறார். ஆகவே, வண்ணத் திரையும் கூடுதல் நினைவகமுமாகப் புதிய பெட்டி சந்தைக்கு வந்தபோது, இரண்டாவது சொராமாருவில் நாயகன் பெரியவனாக இருக்க வேண்டும் என்று எல்லோரும் ஒரே குரலில் தீர்மானித்தார்கள். அதை முதலில் சொன்னது மிசாவோதான். இதைப் பின்னால் யாரும் மறக்கவில்லை.

சொராமாரு வளர்ந்தான். அவனுக்குப் புருவம் வந்தது, வைக்கோல் செருப்பு வந்தது, ஓடினால் நெற்றியில் வியர்வை துளிர்த்தது. பத்திரிகைகள் படம் கேட்டு வாங்கிப் போட்டன. முதலாளி கொதானி அவற்றை வெட்டி மாடியில் ஒட்டியதோடு நிற்காமல், கீழே பட்டறையிலும் கொண்டுபோய் ஒட்டினார். கொதானிக்கு ஆட்டங்களை ஆடத் தெரியாது, விற்கத் தெரியும். ஆனால் இடையில் வந்த இரண்டு ஆட்டங்களை அவராலும் விற்க முடியவில்லை. இரண்டாவது சொராமாரு முதலாவதற்கு ஈடாக நின்றால் கம்பெனி நிற்கும். இல்லாவிட்டால் மாடியைப் பட்டறைக்காரர் திருகாணி அடுக்க எடுத்துக்கொள்வார். இது எல்லோருக்கும் தெரியும், யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

மிசாவோவுக்குக் கம்பெனியைவிடச் சொராமாருவைப் பற்றித்தான் கவலை. மோசமான இரண்டாவது ஆட்டம் தான் கெட்டுப்போவதோடு விடாது, நல்ல முதலாவதையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய்விடும் என்று அவள் நம்பினாள். ‘ஓ, அந்தக் கொட்டை ஆட்டமா’ என்று ஊர் உதட்டைப் பிதுக்கும்போது, எந்தக் கொட்டை என்று யாரும் பிரித்துப் பார்க்கப்போவதில்லை.

இலையுதிர் காலத்தில் ஒரு மதியம், ஆயுள் காப்பீட்டு ஏஜெண்ட் ஹமாசகி அம்மாள் வழக்கம்போல மிட்டாய்ப் பொட்டலத்தோடு படியேறி வந்தார். மாடிக்கு வருகிறவர் யாராக இருந்தாலும் ஜன்னலோரம் உட்காரவைத்துப் பெட்டியைக் கையில் கொடுத்துவிடுவது அங்கே பழக்கம். முதல் ஆட்டத்தின்போதும் அவர் இப்படி மாட்டிக்கொண்டவர்தான். அன்று டீ ஆறியதும் தெரியாமல் ஆடிவிட்டு, வந்த வேலையை மறந்து காப்பீட்டுத் தாள்களை நாற்காலியிலேயே விட்டுவிட்டுப் போனார். இந்த முறை இரண்டாவது குழியில் விழுந்தார். மறுபடியும் அதே குழியில் விழுந்தார். பிறகு பெட்டியை இரு கையாலும் மரியாதையாக நீட்டினார்.

“ரொம்ப அழகா இருக்கு, உசுகி சான். செருப்புகூட போட்டிருக்கான், பாருங்க.”

சொல்லிவிட்டுப் பையிலிருந்து தாள்களை எடுத்துப் புதிய பாலிசியின் பலன்களை விவரிக்கத் தொடங்கினார். நிஷிவாகிக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. மிசாவோவுக்கோ யாரோ முகத்தில் தண்ணீர் அடித்தது போலிருந்தது. ஒசாகாக்காரர்கள் ஒன்றை வாயாரப் புகழ்ந்து கையோடு திருப்பிக் கொடுத்தால், அதற்கு அர்த்தம் ஒன்றுதான்.

விழுந்த இடத்தில் என்ன கோளாறு என்று பார்க்க அவளே பெட்டியை எடுத்து ஆடினாள். பாதியில் நாராவிலிருந்து அக்காவின் போன் வந்தது. புத்தாண்டுக்கு வருகிறாயா இல்லையா என்பதுதான் விஷயம். போன வருடமும் அதற்கு முந்தின வருடமும் வராததற்குச் சொன்ன காரணங்களை அக்கா வரிசையாக ஒப்பித்தாள். போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, எதிர்வீட்டு மாடியில் காயும் துணிகளைப் பார்த்தபடி மிசாவோ உம் கொட்டினாள். பேசி முடித்துக் குனிந்தபோது சொராமாரு ஆட்டத்தின் முடிவில் நடப்பட்ட கொடிக்கம்பத்தின் அடியில் வியர்வை வழிய நின்றுகொண்டிருந்தான். ஒரு தடவைகூடத் திரையைப் பார்க்காமல் அத்தனை குழிகளையும் தாண்டியிருந்தாள்.

பெருமைப்பட வேண்டிய விஷயம். அவள் பெட்டியைக் கவிழ்த்து வைத்தாள்.

இதை உண்டாக்கியவர்களைத் தவிர வேறு யாராலும் இப்படி ஒரு தவறு செய்ய முடியாது. ஒவ்வொரு குழியையும் தோண்டியவளுக்கு அது எங்கே இருக்கிறது என்று விரலுக்கே தெரியும்; கண்ணுக்கு வேலை இல்லை. வேலை இல்லாத கண் எதையும் கவனிக்கவில்லை. நாயகன் பெரியவனானதால் திரையில் அவனுக்கு முன்னால் மிஞ்சியது ஓரிரண்டு எட்டு வைக்கும் தூரம்தான். அதற்கப்பால் தரையா, பள்ளமா என்பது தாவிய பிறகே தெரியும். பழைய கொட்டை அசிங்கமாக, சின்னதாக இருந்தது. அதனால் அதைச் சுற்றி ஒரு உலகமே தெரிந்தது. நாயகன் வளர்ந்தான், உலகம் சுருங்கிவிட்டது.

ஆட்டத்தை அடைத்து விற்கும் கேசட்டுக்கான சில்லுகளை ஆர்டர் கொடுக்க மறு வாரம் நாள் குறித்திருந்தார்கள். அது போய்விட்டால் பிறகு ஒரு புள்ளியைக்கூட மாற்ற முடியாது. மிசாவோ நேராகக் கொதானியின் மேசைக்குப் போய், நாயகனைச் சின்னதாக்க வேண்டும் என்றாள். கொதானி முதலில் சிரித்தார். பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினார்.

“ஏம்மா உசுகி, பெரிசாக்கச் சொன்னதே நீதானே?”

“ஆமா முதலாளி. தப்பாச் சொல்லிட்டேன்.”

சமாளிப்பவர்களை மடக்கக் கொதானிக்கு நூறு வழி தெரியும். ஒரேயடியாக ஒப்புக்கொள்கிறவளை என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. நிஷிவாகியைக் கூப்பிட்டார். ஏஜெண்ட் அம்மாளுக்குப் பழக்கம் போதாது, அவ்வளவுதான் என்றார் நிஷிவாகி. தான் அந்தக் குழியில் ஒரு தடவைகூட விழுந்ததில்லை என்றும் சேர்த்துக்கொண்டார். அதுதான் பிரச்சினை என்றாள் மிசாவோ. திங்கட்கிழமை காட்டுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

திங்கட்கிழமை காலைக் கூட்டத்தில் நிஷிவாகியின் முன்னால் புதிய ஆட்டத்தின் கேசட்டை வைத்தாள். மாடியில் அவரைவிடக் கெட்டிக்கார ஆட்டக்காரர் கிடையாது. அதைப் பெட்டியில் செருகிவிட்டு, காபிக் கோப்பையைக்கூடக் கீழே வைக்காமல் ஒரு கையால் ஆரம்பித்தார். முதல் குழியில் விழுந்தார். கோப்பையை வைத்தார். மறுபடியும் விழுந்தார். அடுத்த குழியில், அதற்கடுத்த குழியில் என்று விழுந்துகொண்டே போனார். நிமிர்ந்தபோது காது மடல் சிவந்திருந்தது.

“குழிய நகத்தி வச்சிருக்கீங்க. இது ஏமாத்து வேலை, உசுகி சான்.”

“எல்லாத்தையும் கொஞ்சம் தள்ளி வச்சிருக்கேன். காசு கொடுத்து வாங்குறவனுக்கு எல்லாக் குழியும் தள்ளி வச்ச குழிதானே?”

“அப்படிப் பார்த்தா முதலாவதுலயும்தான் விழுவேன்.”

அவள் அந்தப் பதிலுக்குத்தான் காத்திருந்தாள். பையிலிருந்து பழைய ஆட்டத்தின் கேசட்டை எடுத்தாள். அதிலும் குழிகளை இடம் மாற்றியிருந்தாள். நிஷிவாகி பல்லைக் கடித்துக்கொண்டு ஆடினார். முதல் குழியின் விளிம்பில் கொட்டை தடுமாறியது, தாவியது, அக்கரையில் நின்றது. அடுத்ததை வருமுன்னே கண்டுகொண்டார். மூன்றாவதைத் தாண்டியபோது நாற்காலியில் முன்னால் சரிந்து உட்கார்ந்திருந்தார். கூட்டம் முடிந்துவிட்டது என்று கொதானி சொன்னதை அவர் காதில் வாங்கவில்லை.

ஆனால் உண்மை விளங்கிவிட்டால் மட்டும் காரியம் நடந்துவிடுவதில்லை. பத்திரிகைகளில் படம் வந்தாகிவிட்டது, அட்டைப்பெட்டியும் அச்சாகிவிட்டது, அதன் மேல் புருவம் வைத்த பெரிய சொராமாரு மார்பை நிமிர்த்தி நிற்கிறான், உள்ளே ஒரு பொடியன் ஓடினால் வாங்கியவன் செருப்பால் அடிப்பான் என்றார் கொதானி.

“பழைய அட்டைப்பெட்டியில அவன் கையில வாள் இருந்துச்சு, முதலாளி. உள்ள எங்க இருந்துச்சு வாள்? யாராச்சும் கேட்டாங்களா?”

கொதானி அட்டைப்பெட்டிப் பேச்சை விட்டார். அதைவிடப் பெரிய விஷயம் பாக்கி இருந்தது. நாயகன் சின்னதானால் அவன் தாவும் தூரம் மாறும்; தூரம் மாறினால் எல்லாக் குழிகளையும் முதலிலிருந்து தோண்ட வேண்டும். புத்தாண்டுக்குள் முடியாது. ஜப்பானில் பிள்ளைகள் கையில் பணம் புரள்வது புத்தாண்டில்தான். பெரியவர்கள் உறையில் போட்டுக் கொடுக்கும் காசு நேராகக் கேம் கடைக்குத்தான் போகும். அந்த நாளை விடுவது என்பது திருவிழா முடிந்த மறுநாள் பலூன் விற்கப் போவது மாதிரி.

“மார்ச்ல பள்ளிக்கூடம் லீவு விடுவாங்க, முதலாளி.”

“லீவு விடுவாங்க, காசு விடமாட்டாங்க.”

“இப்ப வித்தா ஒரு தடவ விப்பீங்க. அப்புறம் சொராமாருங்கிற பேரை எந்தப் பெட்டியிலயும் போட முடியாது.”

கொதானி கீழே இறங்கிப் போனார். பட்டறைக்காரரோடு ஒரு சிகரெட் பிடித்தார். அங்கே என்ன பேசினார்கள் என்று தெரியாது. சுவரில் ஒட்டிய பெரிய சொராமாருவை மட்டும் கையோடு கிழித்துக்கொண்டு மேலே வந்தார். சரி, மார்ச் என்றார்.

நிஷிவாகி மிசாவோவோடு பேசுவதை நிறுத்தினார். ஆனால் வேலையை நிறுத்தவில்லை. கோபித்துக்கொள்வதற்கும் குறித்த நாளில் முடித்துக் கொடுப்பதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்று நினைக்கும் தலைமுறையைச் சேர்ந்தவர். முதலில் வியர்வை போயிற்று, பிறகு செருப்பு. புருவத்தில் வந்து நின்றார். புருவத்தைத் தொட்டால் ராஜினாமா என்று கொதானி வழியாகச் சொல்லி அனுப்பினார். சின்ன முகத்தில் புருவத்துக்கான இரண்டு புள்ளிகளை வைத்துக்கொண்டால் கண் எது, புருவம் எது என்று தெரியவில்லை. முகம் மறுபடியும் சிறுநீரகம்போல ஆகிவிடுகிறது. மிசாவோ நேரில் போய் நின்றாள்.

“புருவம் இருக்கட்டும், நிஷிவாகி சான். தாவும்போது மட்டும். தரையில வேணாம்.”

அவர் திரும்பிப் பார்க்காமலே பென்சிலை எடுத்தார். கால் தரையை விட்டதும் கொட்டையின் முகத்தில் புருவம் மேலே துள்ளியது. அக்கரையில் இறங்கியதும் மறைந்தது. பயந்துகொண்டே தாவுகிற முகம். இத்தனை நாள் வரைந்ததில் இல்லாத உயிர் அதில் இருந்தது. அது இருவருக்கும் தெரிந்தது.

மிசாவோ குளிர்காலம் முழுக்கத் தோண்டினாள். புத்தாண்டன்று அக்கா நாராவிலிருந்து ரயிலேறி வந்து, பிளாஸ்க்கில் கொண்டுவந்த புத்தாண்டு அரிசிக்கட்டி சூப்பை மேசையில் வைத்துவிட்டு, இந்த வயதில் குழந்தைகளை விழவைக்க இவ்வளவு பாடா என்று திட்டிவிட்டுப் போனாள். விழவைப்பது எளிது, விழுந்தது தன் தவறுதான் என்று அவர்களே ஒப்புக்கொள்ளும்படி விழவைப்பதுதான் கஷ்டம் என்று மிசாவோ சொல்ல நினைத்தாள். வாய் நிறைய அரிசிக்கட்டி இருந்ததால் முடியவில்லை.

ஆட்டம் மார்ச்சில் வந்தது. ஆர்ப்பாட்டம் ஒன்றும் இல்லை. முதலாவதைப் போலவே இருக்கிறது, இதற்கு எதற்கு இவ்வளவு காலம் என்று ஒரு பத்திரிகை எழுதியது. கொதானிக்கு முகம் விழுந்துவிட்டது. மிசாவோ அந்தப் பக்கத்தை இரண்டு தரம் படித்தாள். ஆனால் அவள் பத்திரிகைகளை நம்புகிறவள் இல்லை. பிடிக்காத ஆட்டம் எங்கே போய்ச் சேரும் என்று அவளுக்குத் தெரியும். ஏப்ரலில், செர்ரிப் பூ உதிர்ந்து முடிந்த ஒரு சனிக்கிழமை, நிப்பொன்பாஷியில் பழைய கேசட் வாங்கி விற்கும் கடைக்குப் போனாள். அந்தப் பருவத்தில் வந்த பெரிய கம்பெனிகளின் இரண்டாம் பாகங்களெல்லாம் அலமாரியில் செங்கல்போல அடுக்கியிருந்தன. மேல் தட்டு, கீழ்த் தட்டு எல்லாம் தேடினாள். அவளுடைய இரண்டாவது ஒன்றுகூட இல்லை. முதலாவது மட்டும் ஒரு வரிசை முழுக்க, வாள் பிடித்த சாமுராய் படத்தோடு நின்றது.

வாங்கியவர்களே இல்லையோ என்ற பயத்தோடு கடைக்காரரிடம் கேட்டாள்.

“அது வர்றதே இல்லீங்க. கேட்டு வர்றவங்கதான். ரெண்டாவது வாங்குறதுக்காக முதலாவதக் கொண்டாந்து தள்ளிட்டுப் போறாங்க. பாருங்க, எடம் பத்தல.”

மிசாவோ அந்த வரிசையைப் பார்த்தாள். முதலாவதைக் காப்பாற்றத்தான் அத்தனை பாடும் பட்டாள். கடைசியில் அதை அலமாரிக்குத் துரத்தியது அவள்தான். சந்தோஷப்பட வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. சந்தோஷமும் வந்தது, கூடவே கடுங்கோபமும் வந்தது. ஒரு கேசட்டைக் கையில் எடுத்தாள்.

“இதத் தள்ளிட்டுப் போறது தப்புங்க. இதுல இருக்கிற குழி வேற, அதுல இருக்கிற குழி வேற. வாங்க வர்றவங்ககிட்ட அதைச் சொல்லுங்க.”

எப்படித் தெரியும் என்று கடைக்காரர் கேட்டார். தெரியும் என்று சொல்லிவிட்டு, முதலாவது வரிசையைத் தூக்கிக் கண்ணுக்கு நேராக இருக்கும் தட்டில் அவளே அடுக்க ஆரம்பித்தாள்.