அருளப்பன் சேர் தராத விடுகைப் பத்திரம்

நான் பேசாமல் இருந்தது போதும். எங்கள் தோட்டப் பள்ளி அதிபர் அருளப்பன் சேர் உயிரோடு இருந்தவரை அவருக்காகப் பொறுத்தேன். போன செவ்வாய்க்கிழமை அவர் இறந்த பிறகு, அடக்கம் முடியட்டும் என்று உங்களுக்காகப் பொறுத்தேன். இனி முடியாது.

செய்தி வந்தபோது அவிசாவளையில் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். இந்தப் பழைய மாணவர் முகநூல் பக்கத்தில் அவருடைய படத்தைப் போட்டிருந்தீர்கள். நான் பஸ் ஏறி இருக்கை பிடிப்பதற்குள் அஞ்சலிகள் குவிந்துவிட்டன. "தோட்டத்துக்கு ஒளி தந்த தீபம்" என்று எழுதியிருந்தான் ஒருவன். வருடத்தில் பாதி நாள் அவனை வகுப்புக்கு வெளியே முட்டிக்கால் போட வைத்தவர் அதே தீபம்தான். "எங்கள் தமிழ்ப் பாடசாலையைத் தனி ஆளாகக் காப்பாற்றியவர்" என்று எழுதினார் இன்னொருவர். அது உண்மை. எதைக் கொடுத்துக் காப்பாற்றினார் என்பதை மட்டும் ஒருவரும் எழுதவில்லை.

இளையவர்களுக்காகக் கொஞ்சம் பழைய கதை சொல்ல வேண்டும். வெள்ளைக்காரன் காலத்தில் தோட்டத்தில் பள்ளிக்கூடம் வைக்கச் சட்டம் இருந்தது. அதனால் துரைமார், வேலைக்குப் போகிறவர்களின் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைமடுவத்துக்குப் பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகை போட்டார்கள். சுதந்திரம் வந்தது, தோட்டத் தமிழர்களான எங்கள் பிரஜாவுரிமை போனது. இலவசக் கல்வி நாடெல்லாம் போய்ச் சேர்ந்தது. எங்கள் தோட்டத்து ரோட்டில் மட்டும் ஏறவில்லை. அரசாங்கம் தோட்டப் பாடசாலைகளைப் பொறுப்பேற்றபோது ஒரு பெயர்ப் பலகையும் சில மேசைகளும் வந்தன. பிறகு கந்தோரிலிருந்து, அதாவது கல்வி அலுவலகத்திலிருந்து, வேறு பேச்சு வந்தது. தமிழ்ப் பிள்ளைகள் குறைவு, ஐந்தாம் ஆண்டோடு நிற்கிற பள்ளி, கீழே ரோட்டோரத்தில் நல்ல சிங்களப் பாடசாலை இருக்கிறது, இதை ஏன் மூடக் கூடாது? அருளப்பன் சேர் அதிபராக வந்தது அந்தக் கேள்விக்கு நடுவில்.

அவர் வந்த மறு வருடம் அதிகாரி ஒருவர் பிள்ளைகளை எண்ண வந்தார். தலை குறையக் கூடாது என்பதற்காக, பள்ளியை விட்டு பால் வெட்டப் போயிருந்த இரண்டு பேருக்குச் சீருடை மாட்டி சேர் கடைசி வரிசையில் உட்கார வைத்தார். அவர்கள் கையில் அடித்த ரப்பர் பால் நாற்றத்துக்கு வகுப்பே சிரித்தது. முன் வரிசையில் என் தங்கை இருந்தாள். ஐந்தாம் ஆண்டில் அவளை விடக் கெட்டிக்காரி கிடையாது. அதிகாரி சிங்களத்தில் கேள்வி கேட்டார். சேருக்குப் பெருமை சேர்க்கிறோம் என்று நினைத்து, அவள் எழுந்து நின்று எல்லாவற்றுக்கும் சிங்களத்திலேயே பதில் சொன்னாள். பக்கத்து நாட்டுக் கிராமத்துச் சிங்களப் பிள்ளைகளோடு ஆற்றில் குளித்து விளையாடிக் கற்ற சிங்களம், தடுமாற்றமே இல்லை.

"மே லமயா சிங்ஹல இஸ்கோலெட்ட யன்ன ஓனே" என்றார் அதிகாரி. இந்தப் பிள்ளை சிங்களப் பள்ளிக்குத்தான் போக வேண்டும் என்று. இவ்வளவு நன்றாகச் சிங்களம் பேசுகிறவர்களுக்குத் தனியாக ஒரு தமிழ்ப் பள்ளி எதற்கு என்றும் கேட்டார்.

அவர் போன பிறகு சேர் அவளைக் கூப்பிட்டுச் சொன்னாராம்: "கெட்டிக்காரிதான். ஆனா இன்னைக்கி ஒருநாள் நீ ஊமையா இருந்திருக்கலாம்."

அந்த வருடக் கடைசியில் அவளுக்கு ஐந்தாம் ஆண்டு முடிந்தது. ஆறாம் ஆண்டு உள்ள தமிழ்ப் பள்ளி வெகு தூரம். நான் ஆண்பிள்ளை, ஹட்டனில் மாமா வீட்டில் தங்கிப் படித்தேன். அவளை அனுப்ப வீட்டில் மனம் வரவில்லை. ரோட்டோரச் சிங்களப் பள்ளியில் அப்பா கேட்டார். பழைய பள்ளியை விட்டதற்கான விடுகைப் பத்திரம் கொண்டுவந்தால் சேர்த்துக்கொள்வதாகச் சொன்னார்கள். அப்பா சேரிடம் போனார். நடந்ததை அப்பாவே பலமுறை சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

"சேர், அந்தக் கடதாசிய மட்டும் குடுங்க. புள்ளய ரோட்டுப் பள்ளிக்கூடத்துல சேத்துக்கிறேன்னு சொல்லிட்டாங்க."

"இன்னைக்கி உங்க புள்ள போனா நாளைக்கி பத்துப் புள்ள போகும். அப்புறம் பூட்டிருவாங்க. ஆறாம் ஆண்டு கேட்டு எழுதியிருக்கேன். வருஷம் பொறந்ததும் வந்துரும்."

"அதுவரைக்கும் அவ என்னாங்க படிப்பா?"

"அஞ்சாம் ஆண்ட இன்னொருக்கா படிக்கட்டும். படிச்சது வீணாப் போகுமா?"

வீட்டுக்கு வந்த அப்பா அம்மாவிடம் சொன்னது ஒரு வரி: "பழைய சோத்த இன்னொருக்கா திங்கச் சொல்றாரு."

பிறகு அப்பா எனக்குக் கடிதம் எழுதினார். நீ நாலு எழுத்துப் படித்தவன், நீ வந்து கேட்டால் தருவார் என்று. நான் சண்டைக்குத்தான் வந்தேன். பள்ளி விட்டு எல்லோரும் போன பிறகு சேர் என்னை எதிரில் உட்கார வைத்து, ஆசிரியர் பயிற்சிக் கலாசாலையில் படித்த காலத்தில் மகியங்கனைப் பக்கம் ஆதிவாசிகள் கிராமமொன்றுக்குச் சுற்றுலா போன கதையைச் சொன்னார்.

"பள்ளிக்கூடம் நல்ல கட்டடம், தம்பி. புள்ளைங்க வெள்ளை உடுப்போட சிங்களப் பாடம் படிச்சிக்கிட்டு இருந்திச்சு. வெளியில ஒரு பெரியவரு, தோள்ல கோடாலியோட. உங்க புள்ளைங்க உங்க பாசை பேசுமான்னு கேட்டேன். ஆள் பார்க்க வந்தா பேசும்னாரு. விளங்குதா? வேடிக்கை காட்ட மட்டும். அவங்கள யாரும் அடிக்கல, வையல. காட்ட எடுத்துக்கிட்டு பள்ளிக்கூடத்தக் குடுத்தாங்க, அவ்வளவுதான். நம்மகிட்ட பிரஜாவுரிமைய எடுத்தாங்க. இப்ப பள்ளிக்கூடம் தாறேங்கிறாங்க."

அவர் சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. இன்று வரை என்னை உறுத்துவது அதுதான். பொய் சொல்லியிருந்தால் எதிர்த்திருப்பேன். இன்னொன்றும் இருந்தது. ஆசிரியர் நியமனத்துக்கு நான் விண்ணப்பிக்க இருந்தேன். தோட்டத்துப் பள்ளி அதிபர் என்ற முறையில் அவருடைய நற்சான்றுக் கடிதம் எனக்கு வேண்டும். அதை நான் கேட்கவில்லை. அவரும் ஞாபகப்படுத்தவில்லை. ஆனாலும் அது இருவருக்கும் தெரிந்தே இருந்தது.

நான் வீட்டுக்குப் போய், "ஒரு வருசம் பொறுப்போம்பா" என்றேன். அடுப்படியில் இருந்த தங்கை, "அண்ணே சொன்னா சரிதான்" என்றாள்.

ஆறாம் ஆண்டு அடுத்த தையில் வரவில்லை. அதற்கடுத்த தையிலும் வரவில்லை. இரண்டாம் முறை ஐந்தாம் ஆண்டில் இருந்தபோதே அவள் பெரியவளானாள். சின்னப் பிள்ளைகளோடு உட்கார வெட்கப்பட்டுப் பள்ளிக்குப் போவதை நிறுத்தினாள். மூன்றாம் வருடம் ஆறாம் ஆண்டு வந்து சேர் விழா எடுத்தபோது, அவள் கையில் பால் வெட்டுகிற கத்தி இருந்தது. எனக்கு நியமனம் கிடைத்திருந்தது.

இனி வரும் நல்லதை எழுத என் கோபம் விடவில்லை. ஆனால் எழுதாவிட்டால் நான் சேரை விட மோசமானவன். அந்த ஆறாம் ஆண்டுதான் வருடம் ஒரு வகுப்பாக வளர்ந்து சாதாரண தரப் பரீட்சை வரை போனது. உங்களில் பாதிப் பேர் அதில் ஏறி வந்தவர்கள். என் தங்கையின் மகளும் அப்படித்தான். இன்று அதே பள்ளியில் முதலாம் ஆண்டுக்குப் பாடம் எடுக்கிறாள், தமிழில்.

போன மழைக்காலத்தில் சேர் கரவனெல்ல ஆஸ்பத்திரியில் இருந்தபோது பார்க்கப் போனேன். அவரே கேட்டார்.

"தங்கச்சி விசயத்துல நான் செஞ்சது பிழைன்னு இன்னும் நினைக்கிறியா?"

"ஆமா சேர்."

"நினைச்சிக்கிட்டே இரு. பள்ளிக்கூடம் நிலைச்சிருச்சுன்னு எல்லாரும் மாலை போட்டுட்டாங்க. யாராச்சும் ஒருத்தனுக்கு அந்தப் புள்ள ஞாபகம் இருக்கணும்ல?"

மன்னிப்புக் கேட்டாரா, என்னைக் குத்தினாரா? பஸ்ஸில் வரும் வழியெல்லாம் யோசித்தேன். இப்போதும் தெரியவில்லை.

அடக்கத்தன்று கோயிலிலிருந்து கல்லறை வரை என் தங்கை அழுதுகொண்டே நடந்தாள். பெட்டியின் மேல் அரசியல்வாதி ஒருவர் வைத்த மலர்வளையம் சேருடைய முகத்தை விடப் பெரிதாக இருந்தது. திரும்பி வரும்போது என்னால் அடக்க முடியவில்லை.

"அவருக்குப் போயி நீ இப்புடி அழுவுறியே?"

"ஏன், நான் அழக் கூடாதா?"

"ஒன் படிப்பக் கெடுத்தவரு. எல்லாத்தையும் எழுதப் போறேன்."

அவள் நின்றாள். "எழுதுங்கண்ணே. அவரு மேல உங்களுக்குக் கோவம்னா எழுதுங்க. எனக்காகக் கோவம்னு மட்டும் எழுதாதீங்க. எனக்குக் கோவம் வந்தப்ப நீங்க ஹட்டன்ல இருந்தீங்க."

மறுபடி நடக்கத் தொடங்கியவள் சொன்னாள்:

"உங்க பேரப் போட்டீங்கன்னா எல்லாரும் என்னையத்தான் பாப்பாங்க. எம் மககிட்டப் படிக்கிற புள்ளைங்களோட அம்மாமாருங்க பள்ளிக்கூட கேட்டுல நின்னு, ஐயோ பாவம், டீச்சரோட அம்மான்னு பேசுவாங்க. எனக்கு அது வேணாம்."

சேரிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொள்வது நீங்கள் எழுதும் ஒளியை அல்ல. ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவர் சொன்ன அந்த "நினைச்சிக்கிட்டே இரு" என்பதை. பள்ளியைக் கொண்டாடுங்கள், அது கொண்டாடத் தக்கது. ஆனால் அது நிற்பதற்காக ஐந்தாம் ஆண்டில் இரண்டு முறை உட்கார்ந்த பிள்ளைகள் இருந்தார்கள். அவர்களிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. கந்தோரும் கேட்கவில்லை, சேரும் கேட்கவில்லை, அண்ணனும் கேட்கவில்லை.

பெயர் போடாமல் குற்றம் சொல்கிறவனைக் கோழை என்று நானே பலரைத் திட்டியிருக்கிறேன். என்னையும் அப்படியே சொல்லுங்கள். தோட்டத்தில் சிலர் நான் யாரென்று கண்டுகொள்வீர்கள். தயவு செய்து அதைக் கீழே எழுதாதீர்கள். என் பெயரைப் போட்டால் நான் துணிந்தவன் என்று ஆகும், அதற்கான விலையை அவள் கொடுப்பாள். ஒரு முறை அவள் அப்படி விலை கொடுத்து எனக்கு வேலை கிடைத்தது. இதைப் பெயரில்லாமல் பதிகிறேன்.